பிள்ளையைத் தூக்கலாம்

போன மாதம் பத்திரிகைக் கந்தோரிலிருந்து ஒரு தம்பி டெலிபோன் எடுத்தார். என் பக்கத்தைக் கம்பியூட்டரில் அடிப்பவர்.

“சேர், இந்தக் கிழமைக் கட்டுரைய எழுதினது யாராவது சின்னப் பிள்ளையா?”

நான் இன்னும் கையால் எழுதுகிற ஆள். கடதாசியில் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அந்தத் தம்பிக்கு என் எழுத்து தலைகீழாகப் பார்த்தாலும் விளங்கும்.

“இல்ல தம்பி, நான்தான். இடது கையால எழுதினேன்.”

 தம்பி மெதுவாகக் கேட்டார். “வலது கைக்கு என்ன சேர்?”

அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அதற்கு முன் இரண்டு கிழமை இந்தப் பக்கத்தில் நான் இல்லாமல் போனதற்கும் அதுதான் காரணம். ஒரு வாசகர் நான் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டேன் என்றே முடிவு கட்டி, என் மனைவிக்கு டெலிபோன் எடுத்து, மிகவும் பக்குவமாக விசாரித்தாராம். அவர் எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும்!

நுரைச்சோலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. மகள் ஸைனப் வாங்கியது. மருமகனுக்குக் குருநாகலில் வேலை கிடைத்துப் போனபோது அலுமாரியைக் கொண்டு போனாள், தையல் மெஷினைக் கொண்டு போனாள்... மீன்களை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

நான் தபால் கந்தோரில் முப்பது வருடத்துக்கு மேல் முத்திரை குத்தியவன். டக், டக், டக் என்று ஒரு வாழ்க்கை. பென்சன் எடுத்த பிறகு காது சும்மா இருந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் மீன்கள் கை கொடுத்தன.

பகல் லுஹர் தொழுது, சோறு தின்று, தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவேன். மேற்கு ஜன்னலால் வெயில் சாய்ந்து வந்து தண்ணீருக்குள் இறங்கும். தண்ணீர் மெல்ல மெல்ல பால் விடாத பிளேன்டீ நிறமாகும். மீன்களின் நிழல் சுவரில் போகும் – மீனைவிடப் பெரிதாக, மீனைவிட மெதுவாக. தூரத்தில் கடல் இரையும். அந்த இரைச்சல் ஜன்னலுக்கு வெளியே கேட்கிறதா, தொட்டிக்குள்ளே கேட்கிறதா? முழித்திருக்கிறேனா, நித்திரையா? மீன்கள் வாயைத் திறந்து திறந்து ஏதோ சொல்லும். என்ன சொல்லும்? யாருக்குத் தெரியும்... நான் “ஓம், ஓம்” என்று தலையாட்டுவேன்.

கிழமைக்கு ஒரு தரம் தொட்டி கழுவுவேன். சேர்ட் கையை மடித்துவிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விடுவேன். இளஞ்சூட்டுத் தண்ணீர். ஏஞ்சல் மீன் ஒன்று வந்து விரலைக் கொஞ்சும். அதற்கு நோய் பிடித்தது. மெலிந்து, விலாவில் புண் வந்து, கல்லுக்குப் பின்னால் ஒளிந்து, ஒரு நாள் செத்துப் போனது. அதை எடுக்கப் போனபோது கல்லின் ஓரம் பட்டு வலது கைச் சுட்டுவிரலில் சின்னதாக ஒரு கீறல். சின்னக் கீறல்தானே... யார் கவனிப்பார்?

மூன்று கிழமை கழித்து அந்த இடத்தில் ஒரு கட்டி வந்தது. பட்டாணிக் கடலை அளவு, ஊதாவும் சிவப்பும் கலந்த நிறம். நோவில்லை. பிறகு முட்டியில் ஒன்று. பிறகு புறங்கையில், மணிக்கட்டுக்குக் கிட்ட ஒன்று. பஸ் தரிப்பிடங்கள் மாதிரி வரிசையாக! விரல் வீங்கி மடிய மறுத்தது. பேனையைப் பிடித்து எழுதுவதே பெரும் பாடு.

என் மனைவி ஃபரீதா பார்த்த உடனே தீர்ப்புச் சொன்னாள்.

“கிரந்தி.”

எங்கள் பக்கத்தில் உடம்பில் எது கிளம்பினாலும் அதற்குச் சாப்பாடுதான் காரணம். இறால் கிரந்தி. நண்டு கிரந்தி. சூரை மீன் பெருங்கிரந்தி. அன்றோடு என் சோற்றுக் கோப்பையிலிருந்து கடல் ஒதுங்கியது. பருப்பு, முருங்கைக்கீரை, திரும்பவும் பருப்பு... ஐந்து மாதம். பக்கத்து வீட்டில் இறால் பொரிக்கும் வாசம் வந்தால் ஃபரீதா எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்துவாள்.

நானும் பயபக்தியோடு பத்தியம் காத்தேன். பின்னேரமானால் அதே கையை மீன் தொட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன்!

எண்ணெய் பூசினோம். களிம்பு பூசினோம். இரண்டு டொக்டர்மாரிடம் மருந்து வாங்கினேன். கட்டிகள் அசையவில்லை. கடைசியில் ஒருவர், “இதைத் தோல் கிளினிக்கில காட்டுங்க” என்று துண்டு எழுதித் தந்தார்.

காலை பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். பாலாவிப் பக்கம் உப்பளங்களில் வானம் அப்படியே கிடந்தது. மேலேயும் மேகம், கீழேயும் மேகம், நடுவில் ஒரு கொக்கு. அதைப் பார்த்துக்கொண்டே போனதில் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன். எனக்குக் கிடைத்த நம்பர் கடைசிக்குக் கிட்ட.

கிளினிக்கில் காத்திருக்கிற நீள வாங்கில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது வரும். வலது கையைச் சாரித் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. நான் உட்காரப் போனேன்.

“நானா, கொஞ்சம் தள்ளி இருங்க.”

கோபமில்லை. அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி ‘நானா’ என்று கெஞ்சுகிற குரல். தள்ளி உட்கார்ந்தேன்.

மேலே விசிறி சுற்றியது. நம்பர்கள் ஒவ்வொன்றாகப் போயின. பாதி நித்திரையில் என் கை மடியில் விரிந்து கிடந்திருக்கிறது. திடுக்கிட்டு முழித்தால், அந்தப் பெண் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கும் இதா?”

சாரித் தலைப்பை மெதுவாக விலக்கினாள். சுட்டுவிரலில் ஒன்று. முட்டியில் ஒன்று. புறங்கையில் இரண்டு. அதே ஊதா. அதே வரிசை. கண்ணாடியில் என் கையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

பெயர் பிலோமினா. ஊர் மாம்புரி. புருஷன் செபஸ்தி கடல்நீர் தேங்கும் களப்பில் நண்டு வலை போடுகிறவர். விடிந்ததும் வலையிலிருந்து நண்டு கழற்றுவது இவள் வேலை. அப்படிக் கழற்றும்போது ஒரு நாள் நண்டின் முள் விரலில் ஏறியிருக்கிறது. நண்டு கழற்றுகிற பெண்களுக்கு இது நாளாந்தம். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாளாம்.

“அது நடந்து ஒன்பது மாசம் நானா. முதல்ல எல்லாரும் சும்மா கட்டி எண்டாங்க. பிறகு கோயில் கிணத்தடியில ஒருத்தி பாத்திட்டு...”

நிறுத்தினாள். அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“தொழுநோய் எண்டு சொல்லிப் போட்டாள்.”

அதற்குப் பிறகு அவளுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். கைப்பிள்ளை ஒன்று இருந்தது, ஜெனி என்று பெயர். அப்போது எட்டு மாதம். பிள்ளைக்குத் தொற்றிவிடும் என்று பயந்து செபஸ்தியின் அக்கா றீற்றா வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நாலு வீடு தள்ளித்தான். றீற்றாவுக்குப் பிள்ளைகள் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்.

“அங்க சிரிக்கிற சத்தம் எனக்கு இங்க கேக்கும் நானா. வேலிக்கு இங்கால நிண்டு பாப்பன். அவ என்னைப் பார்ப்பா. யாரோ எண்டு பார்ப்பா.”

 என் நம்பர் துண்டை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன்.

என் நம்பர் வந்தது. உள்ளே ஒரு இளம் டொக்டர், சிங்களப் பெண் பிள்ளை. தமிழ் தெளிவாகவே பேசினார். என் விரலைப் பிடித்து, அமத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஐயா கையால என்ன வேலை செய்றது?”

“எழுதுறது.”

“எழுதினா இது வராது. வேற?”

“வேற ஒண்டுமில்ல டொக்டர். பென்சன்.”

“மீன் பிடிக்கிறது? இறால், நண்டு கழுவுறது?”

“பக்கத்துக்கே விடுறாங்க இல்லையே! ஐந்து மாசமா மீன் வாசமே இல்ல.”

அவர் பேனையைக் கையில் சுற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“வீட்டில மீன் டேங்க் இருக்கா?”

பின்னேர வெயிலும், பிளேன்டீ நிறத் தண்ணீரும், விரலைக் கொஞ்சிய ஏஞ்சல் மீனும் ஒரு நிமிடத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இவ்வளவு காலத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. என்ன தின்றாய் என்று ஊரே கேட்டது. கையை எங்கே விட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, “வெளியில ஒரு தங்கச்சி இருக்கா டொக்டர். அவட கையும் இப்படியே. வலையில நண்டு கழற்றுறவ” என்றேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். “கூப்பிடுங்க.”

அன்றைக்கு எங்கள் இரண்டு பேரின் விரலிலிருந்தும் மிளகளவு சதை வெட்டி எடுத்தார்கள். லெப்புக்குப் போகிற துண்டில் டொக்டர் ஏதோ எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். என்னவென்று கேட்டேன்.

“நான் நினைக்கிறது சரியா இருந்தா, இது தண்ணியில இருக்கிற கிருமி. மீனுக்கு நோய் குடுக்கும். வெட்டுக் காயம், முள்ளுக் காயத்தால மனுஷருக்குள்ள வரும். ஆனா எங்கட உடம்புக்குள்ள இருக்கிற சூடு அதுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. அதுதான் விரல்லயும் கையிலயுமே நிக்குது. லெப்ல வழக்கமான சூட்டில வெச்சா வளராது. குறைஞ்ச சூட்டில வைக்கச் சொல்லி எழுதினேன்.”

பிலோமினா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பிள்ளைக்குத் தொற்றுமா?”

“இது அதுவா இருந்தா தொற்றாது. ரிப்போர்ட் வரட்டும்.”

அவள் காதில் ‘இருந்தா’ என்ற சொல் மட்டும் விழுந்திருக்கும். முகம் அப்படித்தான் இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு வந்தேன். மனிதனின் சூட்டைக் கண்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிற ஒரு உயிர்... எவ்வளவு விசித்திரம்! களப்பு பளபளவென்று கூடவே வந்தது. அந்தப் பளபளப்புக்குள்ளே மீன், நண்டு, கண்ணுக்குத் தெரியாத இது, எல்லாம் ஒன்றாக மிதந்துகொண்டிருக்கும். அவற்றின் வீட்டுக்குள்தானே நாங்கள் கையை விடுகிறோம்? அவையா எங்கள் வீட்டுக்கு வந்தன?

ஆறு கிழமை கழித்து ரிப்போர்ட் வந்தது. அதில் கடைசி இரண்டு கிழமையும் வலது கை என்னை எழுதவே விடவில்லை. டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்.

“நான் நினைச்சதுதான். காசநோய்க் கிருமி, தொழுநோய்க் கிருமி இருக்கே, அந்தக் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம்...”

பிலோமினா கையைத் திரும்பவும் சாரித் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். டொக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. கட்டி வந்த அதே கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“தூரத்துச் சொந்தம் மட்டும்தான். இது தொழுநோய் இல்ல. ஆளுக்கு ஆள் தொற்றாது. மருந்துக் குளிசை சில மாசம் விடாம எடுக்கணும், சுகமாகும். விளங்குதா?”

அவள் தலையாட்டினாள். எழும்பவில்லை.

“இதை ஒரு துண்டில எழுதித் தாங்க மிஸ். நான் போய்ச் சொன்னா, பிள்ளைக்காகப் பொய் சொல்றன் எண்டுவாங்க.”

“எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராதே...” டொக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். தமிழ் தெரிந்த நேர்ஸ் அன்றைக்கு லீவு.

“நான் எழுதுறேன்” என்றேன். எழுதுகிற ஆள் அல்லவா! வீராப்பாகப் பேனையை எடுத்தேன். சுட்டுவிரல் மடியவில்லை. பேனை நழுவி மேசைக்குக் கீழே விழுந்தது.

எடுத்து இடது கையில் பிடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. டொக்டர் சொல்லச் சொல்ல, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது.

‘பிலோமினாவுக்கு வந்திருப்பது தொழுநோய் அல்ல. நண்டு, மீன், தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி காயத்தால் உள்ளே போயிருக்கிறது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.’

“பிள்ளையத் தூக்கலாம் எண்டும் போடுங்க நானா” என்றாள் பிலோமினா.

டொக்டரைப் பார்த்தேன். “போடுங்க, போடுங்க” என்றார்.

‘பிள்ளையைத் தூக்கலாம்.’

டொக்டர் கீழே கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினார். பிலோமினா அந்தத் துண்டை நாலாக மடித்து, செபமாலை வைக்கிற சின்னப் பைக்குள் வைத்தாள்.

அன்றோடு இடது கைக்கு எழுத்து பழகியது. அந்தக் கிழமைக் கட்டுரையையும் அதாலேயே எழுதி அனுப்பினேன். மீதியைத்தான் அந்தத் தம்பி உங்களுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாரே!

வீட்டில் ஃபரீதாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த நாள் பகல் இறால் பொரித்தாள். “தொட்டியில கை வைக்கிறதெண்டா இதப் போட்டுக்கொள்ளுங்க” என்று முழங்கை வரை வருகிற மஞ்சள் கிளவுஸ் ஒரு சோடி வாங்கி வைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது மீன்கள் என்னை அடையாளம் தெரியாமல் ஓடுகின்றன. ஓடட்டும்.

உங்களுக்கும் அதுதான் சொல்வேன். கையில் காயம் இருந்தால் அது ஆறும் வரை மீன், நண்டு, தொட்டித் தண்ணீர் எதிலும் வெறுங்கையை வைக்காதீர்கள். முள் ஏறினால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கட்டியோ புண்ணோ வந்து கிழமைக் கணக்கில் ஆறாவிட்டால், உங்கள் கை தினமும் என்ன செய்கிறது என்பதை டொக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். எல்லாரும் கேட்கமாட்டார்கள். என்னிடம் கேட்க ஐந்து மாதம் ஆனது.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மூன்று கிழமை கழித்து, போன வியாழக்கிழமை பிலோமினா டெலிபோன் எடுத்தாள்.

“நானா... அவங்க நம்புறாங்க இல்ல.”

“முத்திரை இருக்கே தங்கச்சி?”

“முத்திரை இருக்கு. எழுத்தைப் பாத்துட்டு மச்சாள் சொல்றா, இது டொக்டர் எழுதினது இல்ல, நான் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையப் பிடிச்சு எழுதி வாங்கினனாம்.”

 எத்தனையோ வருடம் எழுதியவன்... ஒரு தாய்க்கு எழுதிக் கொடுத்த நாலு வரி, கோணல் எழுத்தாகிப் போனதால் செல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாம்புரிக்குப் பஸ் ஏறினேன்.

களப்போரத்து வீடு. தென்னை நிழலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் உப்பு. பகலே கண் செருகிக் கிடப்பது மாதிரியான நேரம். செபஸ்தி ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அதிகம் பேசாத மனிதர். றீற்றாவை அவரே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

நான் சேர்ட் கையை மடித்துவிட்டு என் விரலைக் காட்டினேன். கட்டிகள் வாடத் தொடங்கியிருந்தன. ஆனால் அடையாளம் இருந்தது.

“அந்தத் துண்டை எழுதினது நான்தான், மகள். டொக்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வலது கை இப்படி. இடது கையால எழுதினேன்.”

றீற்றா என் விரலைப் பார்த்தாள். பிறகு பிலோமினாவின் விரலைப் பார்த்தாள்.

“உங்கட வீட்டில சின்னப் பிள்ளைகள் இருக்கா?”

“போன மாசம் மகள் வந்து நிண்டா. பேத்திக்கு ரெண்டு வயசு. இந்தக் கையாலதான் தூக்கினேன். இந்தக் கையாலதான் சோறு பிசைஞ்சு வாயில தீத்தினேன். அவளுக்கு ஒண்டுமில்ல.”

 களப்பில் ஒரு தோணி மெஷின் இல்லாமல் போனது. றீற்றா பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு இப்போது நோயில் பயமில்லை என்பது எனக்கு விளங்கியது. பயம் வேறொன்றில்.

“ராவில போர்வைய உதறிப் போடுவா” என்றாள், யாரையும் பார்க்காமல். “திரும்பத் திரும்பப் போத்தணும்.”

“போத்துறன் மச்சாள்” என்றாள் பிலோமினா.

“பால் கோப்பையில குடிக்கமாட்டா. கரண்டியால குடுக்கணும்.”

“குடுக்கிறன்.”

“நான் வந்து பாப்பன்.”

“நாளாந்தம் வாங்க மச்சாள்.”

றீற்றா இரண்டு அடி வந்து பிள்ளையை நீட்டினாள். பிலோமினா சாரியில் கையைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. வீறிட்டு அழுதது. உடம்பை வில்லாக வளைத்து, “அம்மா! அம்மா!” என்று றீற்றாவுக்குக் கையை நீட்டியது. றீற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செபஸ்தி எழும்பி, “அக்காட்ட கொஞ்சம் குடு, பழகட்டும், பிறகு எடுக்கலாம்” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பிலோமினா கொடுக்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. பிள்ளை அவள் தோளில் அடிக்கிறது, மயிரைப் பிடித்து இழுக்கிறது. அவள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே சொன்னாள்:

“பரவாயில்ல நானா, அழட்டும். என்ட கையில இருந்து அழட்டும்.”